புல்வெளிக்குப் போகும் சாலை

வடுகபட்டியில் நின்று வடக்கே நோக்குபவருக்கு வானத்தில் பாதியை மலை மறைத்திருக்கும். மழைக்காலக் காலைகளில் மேகம் அதன் இடுப்பளவில் படுத்திருக்க, உச்சி மட்டும் தனித்து மிதப்பதுபோல் தோன்றும். அம்மலைக்கும் இவ்வூருக்கும் இரண்டு உறவுகள் உண்டு. ஒன்று பூண்டு; மற்றொன்று தண்ணீர். கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய மேல்மலைச் சிற்றூர்களில் விளையும் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இறங்கிவந்து விலை பேசப்படுவது நம் வடுகபட்டிச் சந்தையில்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூண்டின் மணம் சந்தை நாளில் ஊர் எல்லைக்கே வந்து நம்மை எதிர்கொள்ளும். தண்ணீர் உறவு வராகநதியால் வந்தது. மேலே பேரிஜம் ஏரி, நடுவே சோத்துப்பாறை அணை, கீழே பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று நீர் இறங்கும் வழி அது. அணையின் நீர்மட்டம் 126 அடியைத் தாண்டி நிறையும் நாள்களில் கரையோர மக்களுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையில் நம் ஊரின் பெயரும் தவறாது இடம்பெறும்.

இத்தனை உறவிருந்தும், மலையின் தலையைக் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே. ‘கொடைக்கானல் போயிருக்கிறேன்’ என்பார்கள். ஏரியில் படகோட்டியதையும், தூண் பாறையின் முன் நின்று படம் பிடித்ததையும் சொல்வார்கள். அதற்கும் அப்பால் மேற்கே விரிந்துகிடக்கும் மேட்டுப் புல்வெளியைப் பற்றிக் கேட்டால், ‘அங்கே என்ன இருக்கிறது, வெறும் புல்’ என்பதே விடை. அந்த ‘வெறும்’ என்னும் சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் பங்கின் இளைஞர் ஐவர் சில ஆண்டுகளாக மிதிவண்டிப் பயணத்தில் ஈடுபாடு கொண்டிருக்கின்றனர். ஒருவர் பூண்டு மண்டியில் கணக்கெழுதுபவர்; ஒருவர் பள்ளி ஆசிரியர்; மற்ற மூவர் மாணவர். போடிமெட்டுக்கு ஏறியிருக்கின்றனர், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் மிதித்திருக்கின்றனர். மலைச்சாலைகளிலேயே கடினமானது என்று அவர்கள் நெடுநாள் எண்ணியிருந்தது கொடைக்கானலையும் கடந்து மன்னவனூர் வரை செல்லும் பாதை. இம்முறை அப்பயணத்துக்கு ஒரு நற்செயலையும் இணைத்துக்கொண்டனர். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் மண்ணும் சாணமும் பிசைந்து, வேம்பு, புங்கை, நாவல் விதைகளை உள்ளே வைத்து உருட்டிய விதைப்பந்துகள் இரண்டு சாக்கு நிறைய இருந்தன. மொட்டையாகக் கிடக்கும் மேல்மலையில் அவற்றை வீசி வருவதென்று முடிவாயிற்று. பூண்டு ஏற்றிவர மேலே செல்லும் சிற்றுந்து ஒன்றில் சாக்குகளுக்கும் நமக்கும் இடம் கிடைத்தது. புறப்படும் முன் பிள்ளைகள் திரண்டுவந்து, ‘எங்க காடு எப்ப சாமி வளரும்?’ என்று கேட்டனர். நாம் சிரித்து வைத்தோம்.

அதிகாலை நான்கு மணிக்கு வடுகபட்டியை விட்டு, தேவதானப்பட்டி கடந்து, காட்ரோட்டில் மலைச்சாலை தொடங்கும் இடத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். லா என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் லாஸ் காட் என வழங்கும் இச்சாலை போடப்படுவதற்கு முன்னர், மலைக்கு வாயிலாக இருந்தது பெரியகுளமே. அடிவாரத்துத் தோப்பிலிருந்து செண்பகனூருக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை சென்றது. 1845இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோதும், 1895இல் இயேசு சபையார் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவியபோதும், கீழிருந்து மேலே போனவை எல்லாம் மனிதத் தோள்களிலும் மட்டக்குதிரைகளின் முதுகிலும் ஏறியே போயின. அத்தோள்களுக்கு உரியவர்களின் பெயர்களை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. அப்பாதையின் பெயரே கூலிக்காட் என்றிருந்தது.

மிதிவண்டியில் மலை ஏறுவோரை நாம் அதற்குமுன் அருகிருந்து கண்டதில்லை. சமவெளியில் சிரித்துப் பேசிவந்த ஐவரும் மூன்றாம் வளைவுக்குள் பேச்சை நிறுத்திவிட்டனர். பல்சக்கரத்தை மிக இலகுவான பற்றுக்கு மாற்றிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு ஆறடி முன்னே கண்ணை வைத்து, மூச்சைக் கணக்கிட்டு மிதித்தனர். மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடவில்லை. ‘உச்சியப் பாத்தா ஏற முடியாது சாமி. அடுத்த வளைவு மட்டுந்தான் நம்ம கணக்கு’ என்று ஆசிரியத் தம்பி டம்டம் பாறையில் தண்ணீர் குடித்தபடி சொன்னார். எதிரே தலையாற்று அருவி, 975 அடி உயரத்திலிருந்து ஒரு வெள்ளை நூலாகத் தொங்கியது. பேருந்தில் பலமுறை இவ்வழியே சென்றிருக்கிறோம்; அருவி ஒரு நொடியில் தோன்றி மறையும். இம்முறை அது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நம்முடனேயே இருந்தது.

பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தின் புகழ்பெற்ற ஏற்றம் ஆல்ப் தியூயே. 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நம் கொடைச்சாலை அதனைப் போல் செங்குத்தானதன்று. ஆனால் 50 கிலோமீட்டருக்கு விடாது ஏறி, அடிவாரத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துக்கு மனிதனைக் கொண்டு சேர்க்கிறது. ஆல்ப்ஸின் ஏற்றம் ஆளை அடித்துப் பார்க்கும். கொடைக்கானல் ஏற்றம் ஆளின் பொறுமையைக் கரைத்துப் பார்க்கும்.

ஊத்தில் தேநீர் அருந்தியபோது, மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒரு பாதுகாவல் உண்டென்று அவர்களுக்குச் சொன்னோம். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. பந்தய வீரர்கள் கடும் ஏற்றத்தில் அதனைக் கடப்பது வழக்கம். 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கிசல்லோ அன்னையை மிதிவண்டிக்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். வெற்றி பெற்றோர் தம் வண்டிகளையும் மேலாடைகளையும் அங்கே காணிக்கையாக விட்டுச் சென்றுள்ளனர். அவர்களுள் ஒருவர் ஜீனோ பார்டாலி. 1938லும் 1948லும் பிரான்சுப் பந்தயத்தை வென்றவர். போர்க்காலத்தில் பயிற்சிக்குச் செல்வதாகக் காட்டிக்கொண்டு, வண்டியின் குழாய்ச் சட்டத்துக்குள் போலி அடையாளத் தாள்களை மறைத்து எடுத்துச் சென்று யூதர்களின் உயிர்காக்க உதவினார். இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின், 2013இல் யாத் வாசெம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. ‘அவரு சட்டத்துக்குள்ள தாளு, நம்ம சாக்குக்குள்ள விதை’ என்றார் மண்டிக் கணக்கர். எல்லாரும் சிரித்தனர். தாம் செய்யப்போவது நல்லதே என்பதில் எவருக்கும் அப்போது ஐயமில்லை.

பெருமாள்மலையில் குளிர் தொடங்கிற்று. நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியும் வண்டிகளின் வரிசை குறைந்ததாகத் தோன்றவில்லை. அவ்வரிசையின் ஓரத்தில் புகையை விழுங்கியபடி ஐவரும் ஏறிச்சென்று பிற்பகலில் கொடைக்கானலை அடைந்தனர். இரவு அங்கே தங்கினோம்.

மறுநாள் பாதை வேறு தன்மையது. முதல் நாள் ஏற்றம் மட்டுமே, ஏறியதெல்லாம் சேமிப்பு. மேல்மலைச் சாலையோ ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும். கடினப்பட்டுச் சேர்த்த உயரத்தைப் பூம்பாறைப் பள்ளத்தில் சில நிமிடங்களில் செலவழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மன்னவனூருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆயினும் முதல் நாளைக்காட்டிலும் இதுவே தம்மைச் சோதித்ததென ஐவரும் ஒருவாய்ப்படக் கூறினர்.

வழியெல்லாம் மரம். பைன், தைலமரம், சீகை. நேர்கோட்டில் நட்டவை, அடியில் பசுமை இல்லை, பறவையொலியும் அரிது. மன்னவனூரை நெருங்கியதும் திடீரென மரங்கள் விலகின. பேரலைகளை யாரோ உறையவைத்ததுபோல் குன்று குன்றாய்ப் புல். இரு குன்றுகள் சேரும் மடிப்புகளில் மட்டும், கைக்குள் மறைத்துவைத்த பொருள்போல, கருத்துத் திரண்ட சோலைக்காடு. 1965 முதல் அங்கே இயங்கும் செம்மறி ஆராய்ச்சி மையத்தின் ஆடுகள் தூரத்தில் வெண்புள்ளிகளாய்த் தெரிந்தன. காற்றைத் தவிர வேறு ஒலியில்லை. இளைஞர்கள் வண்டிகளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் மல்லாந்தனர். பின்னர் சாக்கை இறக்க எழுந்தனர்.

பூண்டு ஏற்றிவிட வந்திருந்த முதியவர் ஒருவர் சாக்கினுள் எட்டிப் பார்த்தார். எழுபது வயதிருக்கும், நம் சந்தைக்கு ஐம்பது ஆண்டுகளாக வருபவர். ‘இது என்னா சாமி?’ என்றார். சொன்னோம். ‘வேம்பா? இங்க மார்கழிப் பனியில வேம்பு நிக்குமா?’ என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: ‘நிக்காததே நல்லது. இது மொட்டை இல்ல சாமி. புல்லு. எங்க சின்ன வயசுல கோடையிலயும் ஊத்து ஓடும். சீகை ஏறுன பக்கமெல்லாம் இப்ப தை மாசத்துலயே நின்னு போகுது. புல்லு மழையக் குடிச்சு வச்சு, கொஞ்சங் கொஞ்சமா விடும். இந்த மரம் தானே குடிச்சிரும்.’

மாணவர்களுள் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. ‘மரம் வைக்கிறது தப்புன்னு சொல்றீங்களா தாத்தா? எங்க பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்லித் தரலையே’ என்றார். ‘மரத்தத் தப்புன்னு சொல்லல அப்பு. இடத்தச் சொல்றேன்’ என்றார் பெரியவர்.

அவர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வாளரும் வேறு மொழியில் சொல்லியிருக்கின்றனர். இவ்வுயரத்தில் குளிர்காலத்து உறைபனி திறந்த வெளியில் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். ஆகவே சோலை மடிப்புகளில் ஒதுங்க, புல் மேடுகளை ஆண்டது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தோர், 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல் இருந்ததென்று கண்டனர். காட்டை அழித்ததால் வந்த புல் அன்று. காட்டோடு ஒன்றாக வாழ்ந்த புல். வரையாடு மேய்வதும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை குறிஞ்சி பூப்பதும் இப்புல்வெளியில்தான். 2018இல் இறுதியாக அது மலையை நீலமாக்கியது. அதே 2018இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனி மலைத்தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் மறைந்துவிட்டதெனக் காட்டியது. தோல் பதனிடும் பட்டைக்காகவும், ஆலைக் கூழுக்காகவும், விறகுக்காகவும் நட்ட மரங்களும், விரிந்த விவசாயமுமே அதற்குக் காரணம். நீலகிரியின் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் தைலமரம் நட்டு அளந்தபோது, மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் முதல் பத்தாண்டுகளில் 16 விழுக்காடு குறைந்திருந்தது.

மன்னவனூரின் நீர் அமராவதியின் பக்கம் இறங்குகிறது. நம் வராகநதிக்கு அன்று. ஆனால் இதே மேட்டின் தெற்கு விளிம்பில் உள்ள பேரிஜம் பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. அங்கும் இதே புல், இதே சோலை, இதே சீகை, இதே பைன். ‘அங்கே என்ன இருக்கிறது’ என்று நாம் கேட்கும் இடத்திலிருந்துதான் பக்கத்து ஊரின் குடத்துக்கு நீர் வருகிறது.

இளைஞர்கள் வட்டமாக அமர்ந்து விவாதித்தனர். தலையிட வேண்டாமென்று நாம் சற்று விலகி அமர்ந்தோம். ‘பிள்ளைங்க ஆசையா உருட்டுனது, திருப்பிக் கொண்டுபோனா மனசு ஒடிஞ்சு போவாங்க’ என்றார் ஒருவர். ‘எப்படியும் பனியில முளைக்கப் போறதில்ல, போட்டுட்டுப் போயிருவோம், யாருக்கு நட்டம்?’ என்றார் மற்றொருவர். ஆசிரியத் தம்பி இதனை ஏற்கவில்லை. ‘முளைக்காதுன்னு தெரிஞ்சும் போட்டுட்டு, காடு வளக்குறோம்னு அதுங்ககிட்டச் சொல்றது பொய்யில்லையா?’ என்றார். மண்டிக் கணக்கர் நெடுநேரம் பேசாதிருந்தவர், பெரியவரை நோக்கி, ‘தாத்தா, உங்க பூண்டுத் தோட்டம் முன்ன என்னாவா இருந்துச்சு?’ என்று கேட்டார். பெரியவர் மறைக்கவில்லை. ‘புல்லுதான். எங்க அய்யா கொத்துனாரு’ என்றார். ‘அப்ப நம்ம சந்தையும் இதுல கூட்டா?’ என்றார் கணக்கர். யாரும் விடை சொல்லவில்லை.

இறையியல் கற்ற நாள்களில், திருப்பாடல்களின் ஆசிரியர் மனித வாழ்வின் நிலையாமைக்குப் புல்லை உவமை காட்டுவதைப் படித்திருக்கிறோம். காலையில் தளிர்த்து மாலையில் வாடும் பாலைநிலப் புல் அது. இம்மலைப் புல்லின் கதை வேறு. பனி கருக்கும், கோடைத் தீ எரிக்கும், ஆடு மேயும், ஆயினும் வேர் மண்ணை விடுவதில்லை. தொடக்கநூலின் படைப்பு வரலாற்றிலும் மூன்றாம் நாளன்று மரங்களோடு புற்பூண்டுகளும் தமக்கென ஓர் இடம் பெற்றே தோன்றுகின்றன. அனைத்தும் நல்லதெனக் கண்ட அப்பார்வைக்குப் பின்னால் வந்த நம் பார்வைதான், நிழல் தராதது, பழம் தராதது, விறகு தராதது எல்லாம் தரிசு என்று பெயரிட்டது. வருவாய்க் கணக்கில் வரி தராத நிலமும் வீண்நிலமே. நிலத்தைப் பற்றி மட்டுமா இவ்வாறு எண்ணுகிறோம்? கூலிக்காட்டில் சுமந்தேறியவர்களின் பெயர்கள் எழுதப்படாததும் இதே கணக்கினால்தான். தாங்கிப் பிடிப்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்காக, இன்று நிற்கும் சீகையை எல்லாம் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை. சில இடங்களில் அதன் நிழலில் சோலை மரக்கன்றுகள் மெல்ல முளைத்து வருகின்றன; எதனை அகற்றுவது, எதனை விடுவது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மிஞ்சிய புல்வெளியைக் காப்பதும், அதனுள் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளைச் சிறிதாயிருக்கும்போதே பிடுங்குவதும்தான் யாவரும் உடன்படும் வேலை. நடுவதைப் போல் அது படம் பிடித்துப் போட ஏற்றதன்று. முடிந்த பின் பார்க்க வருபவருக்கு அங்கே வெறும் புல்தான் தெரியும்.

விதைப்பந்துகள் வீசப்படவில்லை. இரண்டு சாக்குகளும் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே வடுகபட்டிக்குத் திரும்பின. இறக்கத்தில் ஐவரும் ஏறியதைவிட அதிகக் கவனத்துடன் வந்தனர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தனர். ஏறும்போது கால் வலிக்கும், இறங்கும்போது கை வலிக்கும் என்பது அன்று நாம் அறிந்த செய்தி.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளின் முன் சாக்குகள் வைக்கப்பட்டன. இளைஞர்களே பேசினர். மலையில் இருப்பதும் ஒருவகைக் காடுதான், அது புல்லாலான காடு என்றனர். வேம்புக்கும் புங்கைக்கும் உரிய இடம் இங்கே நம் ஆற்றங்கரையே என்றனர். சில பிள்ளைகளின் முகம் வாடியது உண்மை. ஒரு சிறுமி எழுந்து, ‘அப்ப மேல நாம ஒண்ணுமே செய்யக் கூடாதா?’ என்று கேட்டாள். ஆசிரியத் தம்பி நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். ‘புல்லுக்குள்ள வர்ற சீகைக் கன்னப் பிடுங்கலாம். அதுக்கு ஆள் வேணும். வனத்துறை அனுமதி வேணும்’ என்றார் அவர். ‘நான் வரேன்’ என்றாள் சிறுமி. அன்று மாலையே பிள்ளைகள் வராகநதிக் கரையில் குழி தோண்டினர். புங்கை இப்போது சாண் உயரம் வளர்ந்திருக்கிறது; வேம்பில் பாதியை ஆடு கடித்துவிட்டது.

அனுமதி கேட்டு ஐவரும் வனத்துறைக்கு எழுதிய கடிதத்துக்கு விடை இன்னும் வரவில்லை. வருமென்ற நம்பிக்கையில் வண்டிகளுக்குப் புதிய பிரேக் கட்டைகள் வாங்கி வைத்திருக்கின்றனர்.